ஊமைப்படக் கௌபாய்க் கதையைக் கொங்கு ஊரொன்றில் திரையிடும் முறை

காங்கயம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் வாசகர் வட்டம் முதன்முறையாக ஓர் அமெரிக்க ஊமைப்படத்தைத் திரையிட்டபோது, காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்தட்டைகளைத் தமிழில் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. "நாயகன் சலூனுக்குள் நுழைகிறான்" என்று நான் படித்தேன். திரையிலோ பத்துப் பேர் நின்றுகொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க, முடி வெட்டற கடையில எதுக்குங்க இத்தனை பாட்டலு?" என்று கேட்டார். அதன் பிறகு பத்து நிமிடம் ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. அந்த மாலையிலும் அதற்குப் பின்வந்த மாலைகளிலும் நாங்கள் செய்த பிழைகளிலிருந்து திரட்டிய வழிமுறைகளையே இங்கு எழுதுகிறேன். ஒரு ஒளிவீழ்த்தி, ஒரு மடிக்கணினி, ஒரு வெள்ளைச் சுவர் ஆகியவற்றோடு மாடு வளர்த்துப் பழகிய பார்வையாளர்கள் நாற்பது பேர் கிடைத்தால் போதும்; பெருநகரத்துத் திரைப்படக் கழகங்களுக்கு வாய்க்காத ஓர் அனுபவம் உங்கள் ஊருக்கு வாய்க்கும்.

கௌபாய் நம்மவர்களுக்குப் புதியவன் அல்லன். எழுபதுகளில் கர்ணன் இயக்கிய படங்களில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறி வந்தார். சிவகாசியிலிருந்து வரும் சித்திரக்கதைகளில் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் நாயகனை இன்றும் ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் மூலத்திலிருந்து இரண்டு மூன்று கை மாறி வந்தவை. ஊமைப்படங்களோ, சொல்லப்படும் வாழ்க்கைக்கு மிக அருகிலிருந்து எடுக்கப்பட்டவை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, மேற்கே 'எல்லைப்புறம்' என்று கோடு கிழித்துக் காட்டத்தக்க பகுதி இனி இல்லை என்று அறிவித்தது 1890-ஆம் ஆண்டுக் கணக்கின்போது. எட்வின் போர்ட்டர் 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' படத்தை எடுத்தது 1903-இல். இடைவெளி 13 ஆண்டுகள்தாம். பெயர்பெற்ற காவல் அதிகாரி வயட் எர்ப் 1929 சனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தபோது, அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் வில்லியம் ஹார்ட், டாம் மிக்ஸ் என்னும் இரு ஊமைப்பட நாயகர்களும் இருந்தார்கள். கதையும் கதைக்கு உரியவர்களும் ஒரே தெருவில் நடமாடிய காலம் அது.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வுக்கு உரிய பரப்பு நாம் நினைப்பதைவிடச் சிறியது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களுள், முதலில் வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடுதான் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், தானாகவே மட்கியும் போகும். போதாக்குறைக்கு, பேசும்படம் வந்தபின் இவற்றைக் காத்துவைக்கப் பெரும்பாலோர் அக்கறை கொள்ளவில்லை. எஞ்சியவற்றுள் எங்கள் அனுபவத்தில் கொங்கு மக்களிடம் நன்றாக எடுபட்டவை நான்கு படங்கள். 12 நிமிட அளவே ஓடும் போர்ட்டரின் படத்தைத் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அது நியூஜெர்சியில் எடுக்கப்பட்ட 'மேற்கத்திய' படம் என்பதைச் சொன்னால் கூட்டம் ரசிக்கும். அடுத்து, ஜான் ஃபோர்டு 1917-இல் இயக்கிய முதல் முழுநீளப் படமான 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்'. மூன்றாவது, வில்லியம் ஹார்ட் நடித்து 1925-இல் வந்த 'டம்பிள்வீட்ஸ்'. நான்காவது, அதே ஆண்டில் பஸ்டர் கீட்டன் இயக்கி நடித்த 'கோ வெஸ்ட்'.

பிள்ளைகள் வருவார்கள் என்றால் கீட்டனிடமிருந்தே தொடங்குங்கள். மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேரும் அந்த அப்பாவி, பால் கறக்கச் சொன்னால் பசுவின் அடியில் வாளியை வைத்துவிட்டு, அது தானாகச் சுரந்து தரும் என்று காத்திருப்பான். நகரத்தில் இக்காட்சிக்குப் புன்னகை கிடைக்கும்; எங்கள் ஊரில் பாட்டிமார் கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள். அவனுக்கும் பழுப்புக்கண்ணி என்ற பசுவுக்கும் இடையிலான உறவை நம்மவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

உரிமை பற்றி ஒரு சொல். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கே உண்டு என்பதால், இப்படங்களைத் திரையிடுவதற்குத் தடையில்லை. ஆனால் பிற்காலத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட இசைக்குத் தனி உரிமை இருக்கும். அதை முற்றிலும் நிறுத்திவிடுவதே நல்லது. அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, பின்னர் சொல்கிறேன்.

படத்தைப் பதிவிறக்கியவுடன் அதன் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான். அன்றைய ஒளிப்பதிவாளர்கள் கருவியைக் கையால் சுழற்றினார்கள். வினாடிக்கு 16 சட்டம் (ஃபிரேம்) முதல் 24 சட்டம் வரை வேகம் படத்துக்குப் படம், சில வேளைகளில் காட்சிக்குக் காட்சி மாறியது. மெதுவாக எடுத்ததை இன்றைய 24 சட்ட வேகத்தில் ஓட்டினால், மனிதர்கள் சுடுமணலில் கால் வைத்தவர்களைப் போலத் துள்ளுவார்கள். பழைய படம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று பலரும் நம்பிவிட்டார்கள். குதிரைக் காட்சியை வைத்து வேகத்தை எடை போடாதீர்கள், அது ஏமாற்றும். ஒருவர் குவளையில் தண்ணீர் ஊற்றும் காட்சியையோ, பெண்ணொருத்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துப் படியேறும் காட்சியையோ தேடிப் பாருங்கள். தண்ணீர் தெறித்து ஓடினால் வேகம் மிகுதி. விஎல்சி போன்ற படம் ஓட்டும் மென்பொருளில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால், 18 சட்டத்தில் எடுத்த படம் தன் இயல்பான நடைக்குத் திரும்பிவிடும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால், அவர்களை முன்கூட்டியே அழைத்துக் காட்டுங்கள். குதிரையின் நடை சரியா என்பதை அவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

வண்ணச் சாயத்தையும் கவனிக்க வேண்டும். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, சுருளை நீலச் சாயத்தில் தோய்ப்பது அன்றைய வழக்கம்; தீ எரியும் காட்சிக்குச் சிவப்பு, விளக்கொளிக்கு மஞ்சள். உங்களிடம் உள்ள படி வெறும் கருப்பு வெள்ளையாக இருந்தால், நள்ளிரவுத் திருட்டு நண்பகலில் நடப்பதாகத் தோன்றும். அவ்விடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, "இது இரவு" என்று படிப்பவர் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும்.

படிப்பவரை ஒரு கூடுதல் ஏற்பாடாகக் கருத வேண்டாம். ஊமைப்படக் காலத்தில் நம் நாட்டில் திரைக்கு அருகே நின்று கதை சொல்பவர் காட்சியின் ஒரு பகுதியாகவே இருந்தார். கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக இருந்தபோது, 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு போனார். 1914-இல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயரை அந்தச் சாலை இன்றும் சுமக்கிறது. ஆகவே நாம் செய்வது இந்த மண்ணில் ஏற்கெனவே நடந்த ஒன்றின் தொடர்ச்சிதான்.

எழுத்தட்டைகளை முன்னரே தமிழாக்கி, பெரிய எழுத்தில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் படிக்கக் கூடாது. மெதுவாகப் படிப்பவர்களையும் கருதியே அட்டைகள் திரையில் நிற்கும் நேரம் அமைந்திருப்பதால், சுருக்கமான தமிழ் வாக்கியம் அதற்குள் அடங்கிவிடும். சொல் தேர்வில்தான் வேலை இருக்கிறது. 'சலூன்' என்பதைச் சாராயக்கடை என்றே சொல்லுங்கள். மாடுகளை அடைக்கும் மரவேலி வளாகத்துக்குப் பட்டி என்ற நம் சொல் அப்படியே பொருந்தும். மாட்டின் தொடையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இடும் அடையாளம் சூட்டுக்குறி. மந்தை மிரண்டு ஓடுவதை மிரட்சி என்றால் போதும். 'கௌபாய்' என்பதை முதல்முறை மட்டும் மாட்டுக்காரர் என்று படித்துப் பாருங்கள். அவன் மாதம் 25 முதல் 40 டாலர் கூலிக்கு இன்னொருவருடைய மாட்டை ஓட்டிச் சென்ற பண்ணையாள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும். 'செவ்விந்தியர்' என்ற பாடநூல் சொல்லைத் தவிர்த்து, எந்த இனத்தார் என்பது தெரியுமிடங்களில் கியோவா, கோமாஞ்சி, செரோக்கி என்று அவரவர் பெயராலேயே குறிப்பிடுவது முறை. பாத்திரங்களைக் கொங்குத் தமிழில் பேசவிடலாமா என்று எங்களுக்குள் நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. கீட்டனுக்குப் பேசவிடலாம், ஹார்ட்டின் இறுகிய முகத்துக்கு "போலாமுங்க" என்று குரல் கொடுத்தால் படம் அங்கேயே முடிந்துவிடும்.

இசைக்கு வருவோம். ஊமைப்படங்கள் பெரும்பாலும் ஊமையாக ஓடியதில்லை. பியானோ, ஆர்கன், பெரிய அரங்குகளில் வாத்தியக் குழு என்று ஏதேனும் ஒலித்துக்கொண்டிருந்தது. இணையத்தில் கிடைக்கும் படிகளில் கைக்குக் கிடைத்த பியானோவைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒட்டிவைத்திருப்பார்கள். வேகத்தைக் குறைத்தால் அதுவும் இழுபடும். எனவேதான் ஒலியை நிறுத்தச் சொன்னேன். ஓர் ஆர்மோனியமும் ஓர் உறுமியும் கிடைத்தால் தாராளம். கலைஞர்களுக்குப் படத்தை ஒருமுறையேனும் முன்னதாகப் போட்டுக்காட்டி, எங்கே வாசிக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' படத்தில் கூலிக்குச் சுட வந்த ஹேரி கேரி, கொல்லப்பட்ட இளைஞனின் குழியருகே உழவர் குடும்பம் நிற்பதைக் கண்டு மனம் மாறும் இடத்தில் எங்கள் உறுமிக்காரர் தாமாகவே கையை எடுத்துவிட்டார். அதைவிடச் சிறந்த இசையமைப்பை நான் கேட்டதில்லை. அறுபதுகளின் இத்தாலியக் கௌபாய்ப் படங்களில் வரும் அந்த விசிலை மட்டும் எவரேனும் ஊதத் தொடங்கினால் தடுத்துவிடுங்கள். அது வேறு காலம், வேறு நாடு.

இனி முன்னுரை. படத்துக்கு முன் பத்து நிமிடம் பேச வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில்தான் மாலை முழுவதும் நிற்கிறது. துப்பாக்கியைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். டாட்ஜ் சிட்டி, விச்சிட்டா போன்ற மாட்டுச்சந்தை நகரங்களில் ஊருக்குள் துப்பாக்கி ஏந்தித் திரிவதற்கே தடை இருந்தது என்ற ஒரு செய்தி போதும். மாட்டைப் பற்றிப் பேசுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சாஸில் மாடுகள் பெருகிக் கிடந்தன. அங்கே ஏறத்தாழ 4 டாலருக்கு விலைபோன மாடு வடக்கு நகரங்களில் 40 டாலர் வரை பெற்றது. இரயில் நிலையமோ கான்சஸில், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தது. 1867 முதல் அபிலீன் என்ற சிற்றூருக்கு மந்தைகள் நடந்தே வந்தன. இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகளைப் பன்னிரண்டு பேரளவில் ஓட்டிக்கொண்டு, நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மைலுக்கு மேல் போகாமல், வழியெல்லாம் மேயவிட்டுக் கொழுக்கவைத்துக் கொண்டு சேர்த்தார்கள். கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு நடையாகவே காளைகளை ஓட்டிச் சென்றதை நினைவில் வைத்திருப்பவர்கள், ஏன் விரட்டி ஓட்டவில்லை என்பதை நமக்கே விளக்குவார்கள். அம்மாட்டுக்காரர்களில் நால்வருக்கு ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள், மெக்சிகோக்காரர்களும் பலர், கயிற்றுச் சுருக்கு வீசும் கலையே அவர்களிடமிருந்து வந்தது. திரையில் இவர்கள் ஏறத்தாழக் காணப்படமாட்டார்கள் என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள்.

வண்டிகளைப் பற்றியும் சொல்லலாம். மேற்கு நோக்கிப் போன குடியேறிகளின் கூண்டு வண்டிகளைப் பெரும்பாலும் இழுத்தவை குதிரைகள் அல்ல, எருதுகளே. வளைத்த மரச்சட்டங்களின் மேல் கித்தானை இழுத்துக் கட்டிய அவ்வண்டி நம் கூண்டு வண்டியின் உறவுதான்; ஆனால் பூட்டாங்கயிற்றுக்குப் பதில் வளைந்த மரக்கொம்பு ஒன்று கழுத்தைச் சுற்றிவரும், மூக்கணாங்கயிறு கிடையாது. ஓட்டுபவர் வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நடந்தபடி குரலாலேயே மாட்டைத் திருப்புவார். மூக்கணாங்கயிறு இல்லாமலா என்று எங்கள் கூட்டத்தில் எழுந்த வியப்பு அடங்கவே நேரமாயிற்று. மரமில்லாத அந்தப் புல்வெளியில் அவர்கள் காட்டெருமையின் உலர்ந்த சாணத்தைப் பொறுக்கி அடுப்பெரித்தார்கள் என்றால், வறட்டி தட்டிய கைகளுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்த ஒற்றுமைகள் ஓரிடத்தில் நம்மை வழிதவறச் செய்யும் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவை வேலி உண்டு. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் மயிலை, செவலை மாடுகளும். நமக்கு வேலி என்பது மேய்ச்சலைக் காப்பது, அதுவே காட்டின் உயிர். கௌபாய்க் கதையிலோ வேலிதான் பகை. அவர்களுடைய மேய்ச்சல் நிலம் எவர் பெயரிலும் எழுதப்படாத திறந்தவெளி. 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டு தங்கி உழுபவருக்கு 160 ஏக்கர் நிலத்தை ஏறத்தாழ இலவசமாகவே தந்தது. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் சேர்ந்து திறந்தவெளியைக் கட்டம் கட்டமாக அறுத்தன. நான் முன்னுரையின்போது ஒரு கையில் கிளுவைக் குச்சியும் மறுகையில் ஒரு முழம் முள்கம்பியும் வைத்துக்கொள்வேன். வேலி போடுபவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் எங்கள் கூட்டம் தயங்காமல் நல்லவர் என்கிறது. அந்த விடையோடு அவர்களைப் படத்துக்குள் அனுப்புங்கள்.

ஏனெனில் 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' உழவரின் பக்கம் நிற்கும் படம். பண்ணையார்கள் அவர்களை விரட்டுவதற்காகத் தண்ணீரை மறிக்கிறார்கள். வாய்க்கால் தகராற்றைக் கண்ட எவருக்கும் அது அந்நியக் கதையாக இராது. மறுவாரம் 'டம்பிள்வீட்ஸ்' போடும்போது நிலைமை தலைகீழாகும். 1893 செப்டம்பர் 16 நண்பகலில், செரோக்கி மக்களிடமிருந்து நெருக்குதல் கொடுத்து வாங்கிய ஓக்லகோமா நிலப்பரப்பைப் பிடிக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஓடிய நிகழ்ச்சியே அதன் உச்சக்காட்சி. வண்டிகளும் குதிரைகளும் ஒரு சைக்கிளுமாக அடிவானம் வரை பாய்ந்து வரும் அக்காட்சியில், மேய்ச்சல் காலம் முடிந்தது என்று துயரப்படும் மாட்டுக்காரனின் பக்கம் படம் நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த எங்கள் கூட்டம் குழம்பியது. வேலிக்காரன் நல்லவன் என்றவர்களே ஹார்ட்டுக்காக வருந்தினார்கள். அன்றைக்குத்தான் ஒரு பள்ளி மாணவி, வேலி போட்டவரும் சண்டை போடுகிறார், வேலி வேண்டாமென்றவரும் சண்டை போடுகிறார், நிலம் முதலில் யாருடையது என்று கேட்டாள்.

அதற்கு விடையாகக் காட்ட ஒரு படம் இருக்கிறது. 1920-இல் ஓக்லகோமாவின் விச்சிட்டா மலைப்பகுதியில் எடுக்கப்பட்ட 'தி டாட்டர் ஆஃப் டான்' படத்தில் நடித்தவர்கள் அனைவரும் கியோவா, கோமாஞ்சி இனத்தவர். உடைகளும் கூடாரங்களும் அவர்கள் தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. கோமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கரின் பிள்ளைகளுள் இருவர் அதில் நடித்தார்கள். தொலைந்துபோனதாகக் கருதப்பட்டுப் பல்லாண்டுகளுக்குப் பின் மீட்கப்பட்ட படம். கதை எளிய காதல் கதைதான், இயக்குநரும் வெள்ளையர்தான். ஆயினும் அந்த முகங்கள் ஒருமுறை திரையில் வந்தபின் மற்றப் படங்களைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. இதை மூன்றாம் வாரத்துக்கு வையுங்கள், முதல் வாரத்துக்கு வைக்காதீர்கள். கேள்வி எழுவதற்கு முன் விடை சொன்னால் அது பாடம் நடத்துவதாகிவிடும்.

ஜான் ஃபோர்டின் 'தி அயர்ன் ஹார்ஸ்' நெடிய படம். இரயில்பாதை ஆர்வலர்கள் இருந்தால் மட்டும் போடலாம். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த, அப்படம் சொல்லும் இருப்புப்பாதைக்கான சட்டம் நிறைவேறிய 1862-ஆம் ஆண்டில்தான் நம் போத்தனூர் வழியாகச் சென்னை–பேப்பூர்ப் பாதை முழுமை பெற்றது என்று சொன்னால் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

திறந்தவெளியில் திரையிடுவதானால் தை, மாசி மாதங்களே ஏற்றவை. சீக்கிரம் இருட்டும், மழை இராது. பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் மாலை எங்களுக்கு எப்போதும் கூட்டம் நிறையும். ஆனியிலும் ஆடியிலும் துணித்திரை கட்டவே கட்டாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும்; ஓராண்டு எங்கள் திரை பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடைத்தது. அம்மாதங்களில் கட்டடத்துக்குள், சன்னலைச் சாத்திக்கொண்டு, விக்டர் சியோஸ்ட்ரோம் இயக்கிய 'தி விண்ட்' படத்தைப் போடலாம். மொகாவே பாலைவனத்தில் விமானச் சுழலிகளை வைத்து மணற்காற்றை எழுப்பி எடுத்து, 1928-இல் வெளியான படம் அது. ஓயாத காற்றில் மனம் பேதலிக்கும் பெண்ணாக லிலியன் கிஷ் திரையில் நடுங்கும்போது, வெளியே ஆடிக்காற்று கதவைத் தட்டினால் வேறு இசை எதற்கு? உடுமலை, பல்லடம் பக்கத்தவர்கள் இப்படத்தைப் பார்க்கும் விதமே வேறு.

கடைசியாக ஒன்று. 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' படத்தில், கொள்ளைக் கூட்டத் தலைவன் பார்வையாளரை நேராகப் பார்த்துச் சுடும் ஒரு காட்சித்துண்டு உண்டு. அதைப் படத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ திரையிடுவோர் விருப்பம்போல் ஒட்டிக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்களே தங்கள் விற்பனைப் பட்டியலில் குறிப்பிட்டிருந்தார்கள். நாங்கள் அதைத் தனியே வெட்டியெடுத்து, அன்றைய நிகழ்ச்சி முழுவதும் முடிந்த பிறகு போடுகிறோம். உறுமிக்காரர் அந்த நொடிக்குச் சரியாக ஓங்கி ஓர் அடி கொடுத்தால், பாயில் உறங்கிப்போன பிள்ளைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்; வீடுவரை தூக்கிச் செல்லும் வேலை பெற்றோருக்கு மிச்சம்.